இஸ்டீரியா வந்த வீடு

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், அக்காவைப் புதுக்கோட்டை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த அப்பா ஒரு புதுச் சொல்லோடு வீட்டுக்குள் நுழைந்தார். "இஸ்டீரியாவாம். பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

மணமேல்குடியில் வாழ்க்கைப்பட்ட அக்காவுக்குப் பிறந்த குழந்தை ஒரு பகல்கூடத் தங்கவில்லை. உடம்பு தேறட்டுமென்று ஆவூருக்குக் கூட்டிவந்திருந்தோம். சோறு போட்டுக்கொண்டே இருப்பவள் திடீரென்று கரண்டியை வீசிவிட்டு அடிவயிற்றிலிருந்து கத்துவாள், தலையைச் சுவரில் மோதுவாள். அடங்கியதும் சிந்திய சோற்றை அவளே கூட்டி அள்ளுவாள்.

அதுவரை அம்மா அதை ஆங்காரம் என்பாள். ஆங்காரம் என்றால் யார் மேலோ கோபம். யார் மேல் என்று கேட்கவேண்டியிருக்கும். இஸ்டீரியாவில் அந்தத் தொல்லை இல்லை. குழம்பில் உப்பில்லை என்று அக்கா சொன்னால்கூட, வரப்போகிறது என்று நானும் தம்பியும் கண்ஜாடை காட்டிக்கொள்வோம்.

அவளைத் திரும்ப அழைத்துப்போக மாமியார் வந்தார். "நான் வரலைங்க" என்றாள் அக்கா, குரலை உயர்த்தாமல்.

"தப்பா எடுத்துக்காதீங்க, இஸ்டீரியா" என்றார் அப்பா.

அக்கா அவரைப் பார்த்தாள். "இப்ப நான் கத்தலையேப்பா. எம்புள்ளைய எங்கிட்டுப் பொதைச்சாங்கன்னு ஒருத்தராச்சும் எனக்குச் சொன்னீங்களா?"

அப்பாவுக்குத் தெரியும். ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்பதால் கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே புதைத்தபோது அவரும் நின்றிருந்தார். அவளிடம் சொல்லவேண்டாம் என்றவரும் அவரே.

மாமியார் தனியாகவே திரும்பிப்போனார். அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாள் அக்காவையும் என்னையும் மணமேல்குடிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். சுவரோரம் உடைமரத்தடி மணலைக் காட்டி, "இங்கதாம்மா. நான்தான் சொல்லவிடல" என்றார். அக்கா மண்டியிட்டு, மணலை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் பிடிக்கப்போனேன். "விடு. அழட்டும்" என்ற அப்பா, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கத்தல் ஒரேயடியாக நிற்கவில்லை, மெல்லமெல்லக் குறைந்தது. இரண்டு வருஷம் கழித்து அப்பாவே அவளை டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்தார். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று அங்கே கேட்டார்களாம்.

"ஒண்ணும் இல்லைன்னுட்டேன். சரியாத்தானே சொன்னேன்?" என்று வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்.

"சரிதாம்ப்பா" என்றேன். சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டார்.