நெவில் போட்ட ஓட்டை

நெவில் பிரீஸின் வேனில் 'பிரீஸ் வேலி' என்று எழுதியிருக்கும். அதற்குப் பக்கத்தில் எதையோ சுரண்டி எடுத்த தடம் தெரியும். 'எலியும் நுழையாது' என்று முன்பு எழுதியிருந்த இடம் அது.

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றோரத்துச் சின்ன ஊர் அது. பாதி வீட்டுத் தோட்டங்களுக்கு வேலி நெவில் போட்டதுதான். மரப்பலகைக்கு அடியில் ஒரு சிமெண்டுப் பலகையை மண்ணுக்குள் இறக்கிவிடுவார். எழுதினது வெறும் ஜம்பமில்லை. நிஜமாகவே எதுவும் நுழையாது.

நுழையப் பார்த்து மாட்டிக்கொண்டது ஒரு முள்ளெலி. இலையுதிர் காலத்தில் ஒருநாள் தோட்டத்தில் சருகு வாரிக்கொண்டிருந்த நெவிலின் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டு வேலியின் சிமெண்டுப் பலகைக்கு அடியில் மண்ணைப் பறித்து, பாதி உடம்பைக் கொடுத்து, மீதி போகமாட்டாமல் கிடந்தது. பின்னங்கால் உரசி உரசிப் புண்ணாகி, புண்ணில் ஈ முட்டையிட்டிருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவர்கள் உண்டு. இவருக்கு வேலியில் போக முடியாத முள்ளெலி வாய்த்தது.

தோல் கையுறை போட்டுத் தூக்கிவந்து, ஒரு சாசரில் பாலை ஊற்றி வைத்தார்.

"ஏ மனுஷா, அதைக் கொல்லப் பாக்கிறியா?" மனைவி க்ளெனிஸ் சாசரைப் பிடுங்கினார். "பால் குடிச்சா வயித்தால போயே செத்துரும். தண்ணி வை."

"எங்கப்பா பால்தான் வைப்பாரு."

"உங்கப்பா பால் வச்சது எதாவது மறுநாள் எந்திரிச்சுதா?"

நெவில் தண்ணீர் வைத்தார்.

புருவம் பிடுங்கும் இடுக்கியால் க்ளெனிஸ் ஒவ்வொரு முட்டையாக எடுத்தார். கால்நடை டாக்டர் ஊசி போட்டு, மருந்து கொடுத்தார். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில், வைக்கோல் போட்ட பெட்டியில், பூனைத் தீனி தின்று அது பிழைத்தது. மாவு நிறுக்கும் தராசில் அதை வைத்து எடை பார்ப்பது நெவிலின் வேலை. கூடினால் அன்று முழுக்க விசிலடிப்பார்.

வசந்தம் வந்தது. முள்ளெலி பெட்டியைச் சுரண்ட ஆரம்பித்தது. எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்றார் டாக்டர். விடலாம், ஆனால் விட்டால் எங்கே போகும்? முன்னால் கார் ஓடும் ரோடு. மற்ற மூன்று பக்கமும் நெவிலின் வேலி. பக்கத்து வீட்டுத் தோட்டத்தைத் தாண்டினால் சர்ச் கல்லறை. அங்கே புதர் உண்டு, உளுத்த கட்டை உண்டு, வண்டு உண்டு, சோடிக்கு வேறு முள்ளெலியும் உண்டு. ராத்திரியெல்லாம் நடந்து இரை தேடுகிற பிராணி அது. வழி இல்லாவிட்டால் ரோட்டில்தான் இறங்கும். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான்.

பக்கத்து வீட்டில் ஹாக்கெட் அம்மா. தபாலாபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட இருப்பது டால்சி, கால் குட்டையும் உடம்பு நீளமுமான நாய்.

"நம்ம வேலியில முள்ளெலி போக ஒரு ஓட்டை போட்டுக்கறேம்மா. இம்புட்டுதான்." நெவில் விரித்த கையைக் காட்டினார்.

"ஏம்ப்பா, எலி நுழையாதுன்னு சொல்லித்தானே போட்ட? இப்ப எலிக்கு வாசல் வைக்கிறேங்கற."

"இது முள்ளெலிம்மா."

"என்ன எலியோ! அது வழியா டால்சி உன் பக்கம் வந்து, அப்படியே ரோட்டுக்குப் போயிட்டா?"

முன்பு வளர்த்த நாயை அந்த ரோட்டில்தான் ஹாக்கெட் அம்மா லாரிக்குக் கொடுத்திருந்தார். வேலி போடச் சொன்னதே அதனால்தான். நெவிலுக்கும் அது தெரியும்.

"டால்சி அதுல போகாதும்மா."

"ஏன் போகாது?"

நெவில் வாயை மூடிக்கொண்டார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த க்ளெனிஸ் மூடவில்லை. "அவ கொஞ்சம் பூசினாப்பல இருக்காள்ல."

"பூசினாப்பலயா? என் டால்சியா? அவ ஒல்லி!"

பேச்சு தடிப்பதற்குள் நெவில் கொட்டகைக்குப் போய், ஒரு பலகையில் அதே அளவு ஓட்டை அறுத்து வந்தார். அதை ஹாக்கெட் அம்மாவின் சமையலறை வாசலுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் பொரித்த சாசேஜ். இந்தப் பக்கம் டால்சி.

தலை போனது. முன்னங்கால் போனது. வயிறு நின்றுவிட்டது. பின்னங்கால் இரண்டும் தரையில் வழுக்கி வழுக்கி ஓடின, ஆள் நகரவில்லை. டால்சி அவசரப்படவில்லை. நின்ற இடத்திலேயே கழுத்தை நீட்டி சாசேஜைத் தின்று முடித்து, வந்த வழியே பின்வாங்கினாள்.

ஹாக்கெட் அம்மா டால்சியின் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு, "போகணும்னு நெனச்சா போயிருப்பா. அவளுக்கு மனசில்லை" என்றார்.

"மனசில்லைன்னே வச்சுக்குவோம்மா."

"நாளைக்கு இளைச்சான்னா?"

"இளைச்சா நானே வந்து அடைக்கிறேன்."

"அப்ப போட்டுக்கோ. ஆனா வேன்ல எழுதினதை அழி. பொய்யை எழுதிக்கிட்டு ஊரைச் சுத்தாதே."

தான் இறக்கிய சிமெண்டுப் பலகையை நெவிலே அறுத்தார். தூசி தலையெல்லாம் வெள்ளையாக அப்பியது. பொழுது சாயும் நேரத்தில் பெட்டியை ஓட்டைக்கு நேராக வைத்துத் திறந்தார். முள்ளெலி மூக்கைத் தூக்கிப் பார்த்தது, ஓட்டையைப் பார்த்தது, திரும்பி எதிர்த்திசையில் செடிக்குள் போய்விட்டது.

"நன்றி கெட்டது" என்றார் நெவில்.

பிறகு ஆளைக் காணோம். வைத்த தீனி வைத்தபடி இருந்தது. ரோட்டில் அடிபட்டிருக்கும் என்று க்ளெனிஸ் சொல்லவில்லை, நினைத்தார். நெவிலும் நினைத்தார். காலையில் வேலைக்குப் போகும்போது வேனை ஊர்வதுபோல ஓட்டி, ரோட்டோரம் பார்த்துக்கொண்டே போனார். பின்னால் வந்தவர்கள் ஹாரனடித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம்.

"நெவில்! உன் ஆளு என் புல்தரையில பேண்டு வச்சிருக்கான்! இங்க வா!"

கையில் பாதி டோஸ்ட்டோடு நெவில் ஓடினார். சர்ச் பக்கத்துப் புதரோரம் கிடந்தது. கறுப்பாக, சுண்டுவிரல் நீளத்தில். குனிந்து பார்த்தார். வண்டுச் சிறகுத் துணுக்குகள் மினுங்கின.

"டால்சியோடது இல்லையேம்மா?"

"டால்சி வண்டு திங்கிறவளா? என்ன பேச்சு பேசற நீ?"

நெவில் குனிந்தபடியே இருந்தார். எழுந்திருக்க மனம் வரவில்லை.

"எடுத்துப் போட்டுரட்டுமாம்மா?"

"இருக்கட்டும்" என்றார் ஹாக்கெட் அம்மா. "க்ளெனிஸ் பாக்க வேணாமா? அவளை முதல்ல கூப்பிடு."