பத்தாவது கை

நம்புகிறவர்கள் நம்புங்கள். எனக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. இந்த வயதில் கதை கட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சந்தேகம் இருந்தால் அன்று என்னோடு இருந்த எமரியைக் கேட்கலாம் என்று சொல்லியிருப்பேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆயிற்று.

1983 அக்டோபர் 12, புதன்கிழமை. லூசியானாவில் எங்கள் சின்ன ஊர் நீதிமன்றம். தீர்ப்புச் சொல்ல ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர், அதுதான் ஜூரி. அதில் கறுப்பர்கள் இரண்டே பேர்தான். பள்ளிக்கூடத்தில் சமைக்கிற நானும், தபால்காரர் எமரியும். மற்ற கறுப்பர்களை அரசு வக்கீல் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்களை மட்டும் விட்டுவைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் மாநிலத்தில் அப்போது பத்து ஓட்டு இருந்தால் போதும், ஒருவனை ஆயுள் முழுக்க உள்ளே தள்ளிவிடலாம். மிச்ச இரண்டு பேர் கத்தினாலும் கவலையில்லை. நாங்கள் ஒப்புக்கு உட்கார்ந்திருந்தோம்.

கூண்டில் நின்றவன் லைனல் கில்லோரி, எங்கள் இனத்துப் பையன். இருபத்திரண்டு வயது. கறுப்பர்களை எரிக்கக் கிளம்பும் கூட்டத்தின் வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்ட நாலு பேர் அவன் வீட்டுக்கு வந்து, வாசலில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். உள்ளே அவன் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். லைனல் சுட்டான். டுவைட் பக்னர் என்பவன் செத்தான். மற்ற மூன்று பேரும் அரசுத் தரப்புச் சாட்சிகள் ஆகிவிட்டார்கள். வழி கேட்கத்தான் போனார்களாம். அங்கியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவே போட்டிருந்தார்.

மதியம் 2.40. ஜூரி அறைக் கதவைப் பூட்டினார்கள். தீவனக் கடைக்காரர் ராய்ஸ் எங்களுக்குத் தலைவர். எல்லோரும் சீட்டு எழுதி அவர் தொப்பியில் போட்டோம். குற்றவாளி என்று ஒன்பது. இல்லை என்று மூன்று. மூன்றாவது சீட்டு தன்னுடையது என்று வங்கியில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரப் பெண் ஜோலீன் சொன்னாள். நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஒரு ஓட்டு குறைகிறது. அந்த ஒரு ஓட்டில் லைனலின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது.

3.55. காவலர் காபியும் பன்னிரண்டு கோப்பைகளும் வைத்துவிட்டுப் போனார்.

"வெர்லீன், நீ ஊத்து" என்றார் ராய்ஸ். வேறு யாரிடம் சொல்வார்?

ஊற்றினேன். ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தேன். கடைசியில் எனக்குக் கோப்பை இல்லை.

தலைகளை எண்ணினேன். பன்னிரண்டு... என்னைச் சேர்க்காமல்.

மறுபடி எண்ணினேன். பதினொன்று. மேசையின் கடைசியில் ஒரு கோப்பை இருந்தது. அதற்கு எதிரே யாரும் இல்லை. ஆனால் பாதி குடித்திருந்தது.

எமரி என் பக்கம் குனிந்தார். "தங்கச்சி, உனக்கு ஏதாச்சும் வாடை அடிக்குதா?"

"மண்ணெண்ணெய்."

அவர் தன் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

5.10. இரண்டாவது தடவை சீட்டு போட்டோம். மறுபடியும் ஒன்பதும் மூன்றும். ராய்ஸ் நாற்காலியை ஜோலீன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஏம்மா, நீ இந்த ஊர்லதானே இருக்கணும்? தனியாத்தானே வீட்டுக்குப் போற?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே, "மாத்த மாட்டேன்" என்றாள்.

அப்போது மேசைக் கடைசியில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கிரீச்... எல்லோரும் திரும்பினோம். யாரும் அங்கே இல்லை.

6.20. மூன்றாவது தடவை. ராய்ஸ் ஒவ்வொன்றாகப் படித்தார். குற்றவாளி... குற்றவாளி... பத்தாவதும் குற்றவாளி. அத்தோடு நிறுத்தினார். பத்து வந்துவிட்டால் எங்கள் ஊரில் மிச்சத்தை யாரும் படிப்பதில்லை. தொப்பியைக் குப்பைக் கூடையில் கவிழ்த்தார்.

மூன்று சீட்டு விழுந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

"ஐயா, அதையும் எண்ணுங்க. பதிமூணு சீட்டு இருக்கு."

"உனக்கு எண்ணத் தெரியுமா வெர்லீன்? சோத்துக் கரண்டி இல்ல இது."

சிரித்தார்கள்.

"நான் மாத்தல" என்றாள் ஜோலீன்.

"யாரோ மாத்தியிருக்காங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

6.35. நீதிமன்றம். எங்கள் நீதிபதிக்கு ஒவ்வொருவராகக் கேட்கப் பொறுமை கிடையாது. குற்றவாளி என்றவர்கள் கை தூக்குங்கள் என்பார். குமாஸ்தா பார்த்துப் பெயர் எழுதிக்கொள்வார்.

பின்வரிசையில் நாங்கள் மூன்று பேர். நான் சுவர் ஓரம். எனக்கு இடப்பக்கம் நாற்காலியே இல்லை.

கைகள் எழுந்தன. எண்ணினேன். ஒன்பது.

குமாஸ்தா பேனாவோடு காத்திருந்தார்.

என் இடது காதில் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு...

ஒரு கை எழுந்தது.

வெள்ளை அங்கிக் கை. நனைந்திருந்தது.

சொட்... என் தோளில் விழுந்தது.

குமாஸ்தா நேராக அங்கே பார்த்தார். எழுதினார்.

"பத்து."

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, நாங்க தூக்கல. எங்க மூணு பேர்ல யாரும் தூக்கல."

"உக்காரு" என்றார் நீதிபதி.

லைனல் திரும்பினான். என்னைத்தான் பார்த்தான். அந்தக் கையை நான்தான் தூக்கினேன் என்று நினைத்துவிட்டான்.

எட்டு வருடம் கழித்து அவனுக்கு ஒரு வக்கீல் கிடைத்தாள். பழைய பதிவைத் தோண்டி எடுத்து என் வீட்டுக்கே கொண்டுவந்தாள். குற்றவாளி என்று கை தூக்கிய பத்துப் பேரின் பட்டியல். ஒன்பது பெயர் எனக்குத் தெரிந்தவை. பத்தாவது, அதே குமாஸ்தாவின் கையெழுத்தில்...

டுவைட் பக்னர்.

செத்தவன் கை தூக்கியிருக்கிறான் என்று மேல் நீதிமன்றத்துக்கு அதை அனுப்பினாள். பதினொரு மாதம் கழித்துப் பதில் வந்தது. குமாஸ்தாவின் கைத்தவறாம். தேவையான பத்துக் கைகள் எண்ணப்பட்டிருப்பதால் தீர்ப்பு செல்லுமாம்.

லைனலுக்கு இப்போது அறுபத்து நாலு வயது. இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.