நான்காவது படத்தில் நின்றுபோன கணினி

எங்கள் சித்தூர் சபையில் ஞாயிறு ஆராதனையின்போது பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவது என் வேலை. கணக்கு டீச்சருக்குக் கணினியும் தெரிந்திருக்கும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், அணைத்துவிட்டு மறுபடி போடுவது.

சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஒரு வருடமாக வீடு வீடாகப் போய்ப் பழைய புகைப்படங்களை வாங்கி, ஸ்கேன் செய்து, சபையின் கதையை இருநூறு படங்களாகக் கணினியில் சேர்த்திருந்தார். பிரசங்கம் முடிந்ததும் வாரம் இருபது படம் காட்டுவதாக ஏற்பாடு. ஒரு படத்துக்கு மூன்று நிமிடம். நிற்பவர் யார், அவருக்கு யார் சம்பந்தி, எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார், அங்கே என்ன காய்ச்சல் வந்தது, எல்லாம் சொல்வார்.

முதல் ஞாயிறு நான்காவது படத்தில் கணினி நின்றுவிட்டது. ஒரு கல்யாணக் கூட்டம். தலைகள் மட்டும் வந்தன. கழுத்துக்குக் கீழே எல்லாருக்கும் சாம்பல் நிறம். பிரசங்கம் செய்யும் ஐயர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆசீர்வாதம் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு, விட்டுப்போகக் கூடாதென்று செயலாளர் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் நான்காவதில் தலைகள்.

ஆர்கன் வாசிப்பவர் வைரஸ் என்றார். தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. ரேமைக் கழற்றி அதன் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். யுபிஎஸ்ஸை மாற்றினேன். பிறகு ஒரு சனிக்கிழமை, யாருமில்லாத சபைக் கோயிலில் கணினிப் பெட்டியின்மேல் காதை வைத்துக் கேட்டேன். டிக், டிக், பிறகு ஒரு கிர்ர். நான்காவது படத்தைத் திறந்தபோதெல்லாம் அதே சத்தம். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டுக் கணினியில் மாட்டினேன். அதுவும் நின்றது. என் வீட்டு டிஸ்கைக் கோயில் பெட்டியில் மாட்டினேன். சாயங்காலம் வரை ஜோராக ஓடியது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

பழைய டிஸ்கையே திரும்ப மாட்டிவிட்டு, ஞாயிறு காலை செயலாளரிடம் சொல்லிவிடத்தான் போனேன். வாசலிலேயே பாடகர் குழு அக்கா என் கையைப் பிடித்தார்.

"இன்னிக்கும் நிக்கும் இல்லமா? கறிய ஊற வெச்சிட்டு வந்துகிறேன்."

அவர் கையில் ஒரு பை நிறைய பங்கனப்பள்ளி மாம்பழம். வாங்கிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. அன்றும் நான்காவது படத்தில் நின்றது. கடைசி பெஞ்சில் யாரோ "ஸ்தோத்திரம்" என்றார். அடுத்த வாரமும் சொல்லவில்லை. மாம்பழம் அவ்வளவு தித்திப்பு.

அதற்கடுத்த ஞாயிறு கணினி உயிர் பெறவே இல்லை. கறுப்புத் திரை. செயலாளர் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எல்லாம் அதுக்குள்ளதான் இருக்குதுமா. போட்டோவெல்லாம் குடுத்தவங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டேன். ரெண்டு வீட்ல அப்பறமா கரையான் அரிச்சிட்ச்சி."

அங்கேயே பெட்டியைத் திறந்து டிஸ்கைக் கழற்றினேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அவரோடு திருப்பதி பஸ் ஏறினேன். டிஸ்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். புத்தலப்பட்டு தாண்டும்வரை ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அதைக் கையில் தூக்கிக்கொண்டார்.

ரேணிகுண்டா ரோட்டில் ஒரு மாடிக் கடை. அழிந்துபோன தகவலை மீட்பதுதான் அவர்கள் தொழில். கடைக்காரர் டிஸ்கைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"அக்கா, சவுண்டு எப்போலேர்ந்து வருது?"

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"செப்பண்டி அக்கா, சொல்லுங்கோ. சவுண்டு வந்தப்பறம் எத்தினி தபா ஆன் பண்ணீங்கோ? ஒவ்வொரு தபாவும் கொஞ்சம் கொஞ்சம் போயிகினே இருக்கும்."

செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் டிஸ்கைச் சுற்றி வந்த துண்டு இப்போது அவர் தோளில் கிடந்தது.

"ரெண்டு வாரம் முன்னாடியே எனக்குத் தெரியும், சார்."

"தெரிஞ்சும் சொல்லலியா? இன்னாத்துக்கு?"

"எல்லாருக்கும் பசி, சார்."

மாம்பழத்தைப் பற்றியும் சொன்னேன். கடைக்காரர் திரும்பிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. திரும்பி வந்து சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது செயலாளர், "அவ்ளோ நீளமாவாமா பேசறேன்?" என்றார். நான் பஸ் டிக்கெட்டை நாலாக மடித்தேன்.

பத்து நாளில் கடையிலிருந்து ஒரு பென் டிரைவ் வந்தது. நூற்று அறுபத்தொரு படங்கள் பிழைத்திருந்தன. மீதியைத் திரும்ப வீடு வீடாகப் போய் வாங்க வேண்டும். தண்டனையைச் செயலாளர் சிரிக்காமல் அறிவித்தார்.

"நீயும் வரணும். லிஸ்ட்டு எழுத ஆள் வேணும்."

ஒரு மாதம், பள்ளி விட்டதும் அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு வீட்டிலும் காபி, முறுக்கு, ஒரு படம், முழு விளக்கம். மிச்சப் பதினாறு படத்தின் நாற்பத்தெட்டு நிமிடத்திலிருந்து தப்பித்தவளுக்கு மணிக்கணக்காகக் கிடைத்தது. அசராமல் சொன்னார் மனிதர். அவருக்கு அது சந்தோஷமாகவும் இருந்திருக்க வேண்டும்; ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே ஓட்டினார்.

கடைசி வீட்டில் அவருக்கு இருமல் வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஒரு படத்தை என்னிடம் நீட்டி, "இந்தத் தொப்பிக்காரர் யாருங்க?" என்றார்.

யாரென்று எனக்குத் தெரிந்திருந்தது. அவருடைய சம்பந்தியையும் தெரிந்திருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். அவர் குண்டூருக்கு மாற்றலாகிப் போன கட்டத்துக்கு நான் வருவதற்குள் அந்த வீட்டு அம்மா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.