இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் முத்துமாரி

மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிற தொழிலில் கம்பியில் நகம் பட்டு ஒரு கீறல் விழுந்தால் போதும், எங்கோ ஒரு தோட்டம் தண்ணியில்லாமல் காயும். அதனால் பயந்த சுபாவக்காரிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. நான் எட்டாவதோடு நின்றவள். ரெட்டியார்சத்திரம் ரோட்டில் எங்கள் வீட்டுக்காரர் கடை வைத்திருக்கிறார். போர்க் கிணற்றில் இறக்குகிற மோட்டாரின் உள்கூடு நீளமானது. இந்தப் பக்கம் ஒருத்தர் கம்பியை விட, அந்தப் பக்கம் ஒருத்தர் இழுக்க வேண்டும். ஆள் வராத ஒரு நாள் என்னை எதிரே உட்கார வைத்தார். அப்போது வயிற்றிலிருந்த பிள்ளை இப்போது நடக்கிறாள். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. நாலு பேர் முன்னால் வாய் வராதவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களை நம்பித்தான் எழுதுகிறேன்.

இருபத்தேழு

சுற்று எண்ணிக்கை தப்பினால் பூராவும் அவிழ்க்க வேண்டும். அதனால் நாங்கள் எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். இது எனக்கு ரொம்ப வசதி. ஆள் வந்தால் சத்தமாக எண்ண ஆரம்பித்துவிடுவேன். உங்களில் சிலர் சும்மாவே செல்போனைக் காதில் வைத்துக்கொள்வீர்களே, அது மாதிரி. ஒரு நாள் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். எதிரே ஆளே இல்லை, ஆனாலும் எண்ணிக்கொண்டிருந்தேன். கத்தரித் தோட்டத்துப் பெரியவர் ஒருத்தர் நேரே என் முன்னால் வந்து நின்று, "மோட்டாரு எப்பம்மா ஆகும்?" என்றார். பயத்தில், வாயில் இருந்ததே வெளியில் வந்துவிட்டது: "இருபத்தேழு."

"இருவத்தேழு நாளா? அம்புட்டு நாளைக்குச் செடிக்கு என்னத்த தாயி ஊத்துவேன், கஞ்சியவா?"

ஆறு பிள்ளைகள்

கவர்மெண்ட் பள்ளிக்கூடத்து ஸ்டெல்லா டீச்சர் தன் வீட்டு மோட்டாருக்காக வந்தவர், என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்க பன்னண்டாப்புப் பிள்ளைகளுக்கு இன்ஜினியர்னா அது யாரோ பட்டணத்து ஆம்பளைன்னு நெனப்பு. வந்து ஒன்னையப் பாக்கட்டும்" என்றார். நான் இன்ஜினியர் இல்லை டீச்சர் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

ஆறு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கம்பியின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறை கீறிவிடும், அதனால் முதலில் வளையலைக் கழட்டச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. என் வெறுங்கை இரண்டையும் தூக்கிக் காட்டினேன். ஐந்து பேர் நான் கும்பிடுகிறேன் என்று நினைத்துப் பதிலுக்கு வணக்கம் வைத்தார்கள். முத்துமாரி என்கிறவள் மட்டும் வளையலைக் கழட்டிப் பையில் போட்டுவிட்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க பேசாட்டிப் போங்கக்கா. இழுங்க, நான் எண்ணுறேன்."

வெறுங்கை

மற்ற ஐந்து பேரும் அதோடு வராமல் நின்றுவிட்டார்கள். முத்துமாரி சனிக்கிழமை தவறாமல் வந்தாள். கவுன்சிலிங்குக்குப் போட்டு இன்ஜினியரிங் சேரவேண்டும், அதிலும் கரண்டுப் படிப்புதான் வேண்டும் என்பாள். அவள் வீட்டில் அதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அவள் அப்பா கனகாம்பரத் தோட்டம் போடுகிறவர். எரிந்துபோன தன் மோட்டாரை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். வந்த இடத்தில் மகள் வெறுங்கையோடு மசி அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சத்தம் போடவில்லை. மோட்டாரை இறக்கி அவள் முன்னால் வைத்தார்.

"இதைய நீயே கட்டு. ஓடுச்சுன்னா காலேஜுக்குப் போடு. எரிஞ்சுச்சுன்னா அந்தப் பேச்சையே விட்டுரணும், ஆமா."

ஒரு முடி அளவு

கம்பி விட்டதும், எண்ணியதும், கட்டு போட்டதும் அவள்தான். நான் எதிர்ப்பக்கம் இழுத்ததோடு சரி. காயிலுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவில் பல்ப் வைத்துப் பார்த்தோம், எரியவில்லை. எரிந்தால் உறை கீறிக் கரண்டு கசிகிறது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் பல்ப் எரியாமல் இருப்பதுதான் நல்ல சேதி.

அவள் போன பிறகும் எனக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து பார்த்தேன். ஒரு இடத்தில் முடி அளவுக்குக் கோடு தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் காணோம். மறுபடி பார்த்தால் இருக்கிற மாதிரி இருந்தது. ஒரு பிள்ளையின் படிப்பே அந்தக் கோட்டில் தொங்குகிறது. அவளுக்குத் தெரியாமல் அவிழ்த்து நானே கட்டிவிடலாமா என்று கம்பியில் கை வைத்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"கீறலு ஒன் கண்ணுலதான் இருக்கு. நீ அவுத்துக் கட்டுனா அது ஒன் மோட்டாரு. அப்புறம் அந்தப் புள்ள எதைய வச்சு அவங்கப்பன்கிட்டப் பேசும்?"

சுண்டுவிரல் தண்டி

மோட்டாரைப் போருக்குள் இறக்கிய அன்று டீச்சரும் தோட்டத்துக்கு வந்திருந்தார். மூணு பேஸ் கரண்டும் வந்தவுடன் முத்துமாரி பொத்தானை அழுத்தினாள். உறுமல் கேட்டது. செத்த நேரம் கழித்துத் தண்ணி வந்தது, சுண்டுவிரல் தண்டிக்கு. பக்கத்துத் தோட்டக்காரர் சிரித்தார். "என்னப்பா, ஒன் மக கட்டுனது சின்னப்புள்ள ஒண்ணுக்குப் போற கணக்கால்ல ஊத்துது."

அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். எனக்குக் காரணம் தெரியும். மூணு ஒயரில் இரண்டு இடம் மாறியிருந்தால் மோட்டார் திருப்பிச் சுற்றும், தண்ணி சரியாக மேலே ஏறாது. அதைச் சொன்னால் போதும், அவர் நிற்பார். நானோ முந்தானையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டு நின்றேன்.

"எரிஞ்சிருந்தா ஓடவே ஓடாதுப்பா," என்றாள் முத்துமாரி. "திருப்பிச் சுத்துது. நில்லுங்க." மெயினை இறக்கினாள். பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். யாராவது பிடுங்கிச் சொருகிவிட்டால் அவளுக்குக் கரண்டு அடித்துவிடுமே என்று நான் அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவள் ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயரை மாற்றி முடுக்கி, கட்டைகளை வாங்கிச் சொருகி, மறுபடி அழுத்தினாள். குழாய் ஒரு தடவை இருமியது. பிறகு முழங்கை தண்டிக்கு விழுந்தது தண்ணி. சிரித்தவரின் வேட்டி நனைந்தது. அவள் அப்பா திரும்பி வந்து வாய்க்காலில் கையை விட்டபடி குந்தியிருந்தார். மகளைப் பார்க்கவே இல்லை. டீச்சரைத்தான் பார்த்தார்.

"அந்தக் கவுன்சிலிங்குப் பேப்பர்ல நான் எங்கிட்டு டீச்சர் கையெழுத்துப் போடணும்?"

அதுவரைக்கும் ஒரே ஒரு கடைக்குள் பயந்துகொண்டிருந்த நான், அவள் ஹாஸ்டலுக்குப் போன நாளிலிருந்து அந்தக் காலேஜில் உள்ள அத்தனை மோட்டாருக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருக்கிறேன்.