பூசணிக்கா ஒடச்சதுக்கு அப்புறம்

எங்க மாமா, அம்மாவோட தம்பி, சொந்தமா ஒரு படம் எடுத்தாரு. பின்னாடி கம்பெனி கிம்பெனி எதுவும் கெடையாது. ஆபீஸுன்னா சைதாப்பேட்டைல எங்க வீட்டு முன்ரூம்புதான். ஒரு மேஜை, ஒரு கூஜா. அந்தக் கூஜா இப்பவும் என் பொண்ணு வீட்ல கீது, அத வுடுங்க.

ஹீரோவுக்குப் புள்ளயா என்னயே போட்டாரு. எனக்கு ஏழு வயசு, நெத்தில வுழுற சுருட்ட முடி. மயிலாப்பூர் கொளத்தாண்ட ஒரு வீட்ல ஒரு மாசம் ஷூட்டிங். முடிஞ்சன்னிக்கு வாசல்ல பூசணிக்கா ஒடச்சாங்க. படம் முடிஞ்சாத்தான் ஒடப்பாங்கன்னு அம்மா நெனப்பு. மாமா ஒடச்சது அந்த வீட்டு வேலை முடிஞ்சதுக்கு. படத்துல அப்பன் ஊர்லருந்து திரும்பி வர்ற கடைசி சீன் பாக்கி. அத யாரும் அம்மாவாண்ட சொல்லல.

அடுத்த வாரமே அம்மா என்னைத் திருத்தணிக்கு இட்டுக்கினு போயி மொட்ட போட்டுச்சு. வேண்டுதல்.

கடைசி சீன் எங்க வீட்டு வாசல்லயே. மயிலாப்பூர் வீட்டுக்குப் படத்துல இதான் வாசல். ஹீரோ குடுத்தது அந்த ஒரு காலை வேளைதான். மறுநாள் வேற படத்துக்கு மீசைய எடுக்கப்போறாரு. எடுத்துட்டா மாமா படம் அப்பிடியே நின்னுடும். நான் சந்தனம் பூசின மண்டையோட வெளிய வந்தேன்.

"இன்னாக்கா இது?"ன்னாரு மாமா.

"நீதானேடா பூசணிக்கா ஒடச்ச?"ன்னுச்சு அம்மா.

டைரக்டரு தலைல கை வெச்சிக்கினாரு. "காலைல முடியோட ஸ்கூல் போறான், சாய்ங்காலம் அப்பன் வர்றப்போ மொட்ட. தியேட்டர்ல சிரிப்பான் மொதலாளி."

கோடம்பாக்கத்துலருந்து ஒரு விக்கு வந்துச்சு. பெரியாளுது. என் புருவத்தையே மூடிடுச்சு.

"ஆட்டுக்குட்டி மாதிரி கீறான்"னு ஹீரோ வாட்ச்சைப் பாத்தாரு. "பதினோரு மணிக்கு கெளம்பிடுவேன் மொதலாளி."

மணி பத்தர. மாமா அம்மா மூஞ்சையே கொஞ்ச நேரம் பாத்துக்கினு இருந்தாரு. அப்புறம் என் முன்னால குந்திக்கினு விக்கைக் கழட்டுனாரு.

"இன்னாடா மொட்டன்னு அவரு கேப்பாரு. நீ வந்துரணும்னு அம்மா வேண்டிக்கிச்சுன்னு சொல்லு."

"ஸ்கூல் சீனு?"ன்னாரு டைரக்டரு.

"அதத் தூக்கி நாலு ரீலு முன்னாடி போட்டுக்கலாம்யா. கேமராவ ஓட்டு."

மொத டேக்குல நான் கேமராவைப் பாத்துட்டேன். மாமா வேட்டிய இறுக்கிக் கட்டிக்கினாரு. ரெண்டாவதுல ஹீரோ என்னைத் தூக்கிக் கேட்டாரு. சொன்னேன். அவரு வசனமே பேசாம என் மொட்டத் தலைல கன்னத்த வெச்சிக்கினாரு. டைரக்டரு ஓகேன்னாரு. பதினொண்ணுக்குப் பத்து நிமிசம். எல்லாரும் கை தட்டுனாங்க. மாமா மட்டும் தட்டல. அம்மா உள்ள போயி கதவைச் சாத்திக்கினதப் பாத்துக்கினு நின்னாரு.

எங்கப்பா பாம்பே போயி அப்ப மூணு வருசம். ஒரு கடுதாசி கெடையாது. எனக்கு அது ஒரு விசயமாவே படல. நான் வசனத்த சரியா சொல்லல, அதான் அம்மாவுக்குக் கோவம்னு நெனச்சேன். சாத்துன கதவாண்ட நின்னுக்கினு, உள்ள கேக்கட்டும்னு, அதையே இன்னும் சத்தமா, திரும்பத் திரும்ப சொல்லிக்கினு இருந்தேன்.