எஞ்சினை நிறுத்தி அளந்த எண்ணெய்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடினால் இன்றும் பின்வரிசையில்தான் நிற்பேன். அப்படிப்பட்டவன் பேனா பிடித்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கியர்ப்பெட்டிக்கு ஊற்றும் சிவப்பு எண்ணெயைக் காணும்போதெல்லாம் பட்டறை நானாவின் ஞாபகம் வருகிறது. அதை எங்காவது சொல்லிவைக்க வேண்டும் போலிருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில், உப்புவெளியில் ஒரு மீன் முதலாளியிடம் பிக்கப் ஓட்டினேன். தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் வாங்கிய வண்டி அது. கிளச் கிடையாது, கியர் தானாகவே மாறும். இப்போது அந்த மாதிரி வண்டிகள் தெருவுக்குப் பத்து நிற்கின்றன. அன்றைக்கு என் இடது கால் சும்மா இருப்பதைப் பார்க்கவே ஆட்கள் கூடுவார்கள். "கால் நோகாத உத்தியோகம்" என்று லொறிக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

திடீரென்று வண்டி அடம்பிடிக்கத் தொடங்கியது. கியரைப் போட்டால் சற்று யோசித்துத்தான் நகரும். எஞ்சின் கத்தும், வேகம் வராது. நிலாவெளி தாண்டியும் அடுத்த கியருக்கு மாறாது. புல்மோட்டையில் ஏற்றிய மீன் இரண்டு தடவை வழியிலேயே பழுதானது.

"இன்னொருக்கா மீன் பழுதானா வண்டியை வித்துப்போடுவன். பிறகு நீ கரைவலைதான் இழுக்கவேணும்" என்றார் முதலாளி. என் உழைப்பை நம்பி வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள்.

நானா கிண்ணியாக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம். பட்டறை பட்டினத்தில் இருந்தது. வண்டியை அவரிடம் கொண்டுபோய், முதலாளி சொன்னதையும் சொன்னேன். முதலில் என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். "கதையாதீங்க தம்பி. வண்டி என்ன சொல்லுதெண்டு கேப்பம்." திரும்பி வந்ததும் எஞ்சினை நிறுத்தி, கியர்ப்பெட்டியின் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தார்.

"எண்ணெய் அளவாத்தான் கிடக்கு. நீங்க ஒண்டும் தொடேல்லையே?"

"இல்லை நானா."

அது பொய். விடியற்காலையில், எஞ்சினை இயக்கும் முன் எண்ணெய் அளப்பதுதான் எங்கள் டிரைவர்மாரின் வழக்கம். பத்து நாளுக்கு முன் கியர்ப்பெட்டி எண்ணெயையும் அப்படியே அளந்தேன். கோட்டுக்கு மேலே நின்றது. கூடினால் கேடு என்று நினைத்து, ரப்பர் குழாயால் இரண்டு போத்தல் உறிஞ்சி எடுத்தேன். வண்டி அடம்பிடித்தது அதன் பிறகுதான்.

"அப்ப பெட்டியை இறக்கித்தான் பார்க்கோணும்" என்றார் நானா. "கழட்டினாத் திரும்பப் பூட்ட ஏலுமோ தெரியா. பட்டறைப் பேரும் போகும். என்ன செய்யிற, உங்கட சோறு இதிலதானே கிடக்கு." சொல்லிவிட்டு வண்டிக்கடியில் புகுந்தார்.

முதல் நட் கிறீச்சிட்டதும் என்னால் பொறுக்க முடியவில்லை. குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாவியைத் தரையில் வைத்துவிட்டு வெளியே ஊர்ந்து வந்தார்.

"எண்ணெய் எங்க?"

"வீட்டில வைச்சிருக்கிறன்."

"எடுத்துட்டு வாங்க."

எண்ணெய் எடுக்கும்வரை வண்டி நன்றாக ஓடியதால் அளந்த முறைதான் பிழை என்று ஊகித்து, நான் வருவதற்குள் எஞ்சினை ஓடவிட்டு, சூடேறியதும் ஓடும்போதே மறுபடி அளந்திருந்தார். கம்பியின் நுனியில்கூட எண்ணெய் படவில்லை. ஓடும்போதே ஊற்றினோம். இரண்டாவது போத்தல் முடிய, எண்ணெய் சரியாகக் கோட்டுக்கு வந்தது.

நானா சிரித்தார். "ஓடக்குள்ள பெட்டி எண்ணெயை மேல இழுக்குது. நிப்பாட்டினா எல்லாம் கீழ இறங்கி நிறைஞ்ச மாதிரிக் காட்டுது. முப்பது வருசம் நிப்பாட்டி அளந்த கை, என்னையும் ஏமாத்திப்போட்டுது."

ஓட்டிப் பார்த்தபோது கியர் மாறியதே தெரியவில்லை.

பின்னேரம் முதலாளி வந்தார். "எண்ணெய் குறைஞ்சு போச்சு. இப்ப சரி" என்றார் நானா.

"தானாக் குறையாதே. ஆர் எடுத்தது?"

"ஆரெண்டு பார்த்து என்ன செய்யிற? நானும் பிழையாத்தான் அளந்தனான்."

முதலாளி அதோடு விட்டிருப்பார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "நான்தான் முதலாளி. நானா கேட்டதுக்கும் பொய் சொன்னனான்."

முதலாளி சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே வண்டியை ஓட்டிப் போனார். நானா எனக்கு பால் விடாத பிளேன்ரீ ஒன்று எடுப்பித்தார்.

மறுநாள் விடிய முதலாளி வீட்டுக்குப் போனேன். சாவியை எனக்காக வண்டியிலேயே விட்டிருந்தார். புல்மோட்டைக்குப் போய் மீன் ஏற்றிக்கொண்டு, ஒன்றும் பழுதாகாமல் பதினொரு மணிக்குத் திரும்பினேன்.