துளசிக்கு வந்த மாப்பிள்ளைகள்

என் கொய்யா மரத்துக்கு மகன் கெடு வைத்துவிட்டான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பது அந்த ஒரே மரம். அந்த வருஷம் எந்தப் பழத்தைப் பிட்டாலும் உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. மகன் மலைக்கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவன். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான், நிறுத்த இடமில்லை.

“புழுவுக்கு வீடு இருக்கு, என் காருக்கு இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை மரம் வெட்ட ஆள் வரச் சொல்லியிருக்கேன்மா.”

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்குப் போவேன். எதற்குப் போனேன் என்று மறந்து கொல்லைக்கு வருவேன். மரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் அடுப்படி.

“அத்தை, நீங்க நடக்குற நடைக்கு இந்நேரம் முசிறிக்குப் போயிருக்கலாம்” என்றாள் மருமகள்.

“போயிருப்பேன். திரும்பி வர்றதுக்குள்ள உன் புருஷன் மரத்தச் சாய்ச்சிடுவானே.”

நானும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கோயிலில் கொடுக்கும் துளசி மாலை வாடிப்போனாலும் கால் படுகிற இடத்தில் போடக்கூடாது. எங்கள் வீட்டில் அதைக் கொய்யாக் கிளையில் மாட்டுவது வழக்கம். புழு வந்ததும், பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அக்கம்பக்கத்து வீட்டு மாலைகளையும் கேட்டு வாங்கி மாட்டினேன். இரண்டே நாளில் பலன் தெரிந்தது. சின்னச் சின்ன ஈக்கள், பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மாலையில் வரிசையாக உட்கார்ந்து இலையை நக்கிக்கொண்டிருந்தன. ஈக்குக்கூட பக்தி வந்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் காலேஜில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள். காயப்போட்ட துணியை எடுக்க வந்தவள் மாலையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பாட்டி, இது அத்தனையும் ஆம்பளைங்க.”

“எப்படிம்மா சொல்றே? வேட்டி கட்டியிருக்கா?”

“துளசியில ஒரு சத்து இருக்குங்க பாட்டி. ஆம்பள ஈ அத நக்கி, பின்பக்கத்துல இருக்குற பையில சேத்து வச்சு வாசனையா மாத்திக்கும். பொழுது சாயுறப்போ றெக்கைய அடிச்சு அந்த வாசனைய வீசும். பொம்பள ஈ தேடிக்கிட்டு வந்துடும்.”

“அப்ப பக்தி இல்ல. அத்தர் பூசிக்க வந்த மாப்பிள்ளைங்க!”

“ஆமாங்க. நீங்க அத்தர் கடை, கல்யாண மண்டபம், பிரசவ ஆஸ்பத்திரி மூணையும் ஒரே மரத்துல வச்சிருக்கீங்க. மண்டபத்துக்கு வந்த பொண்ணு பக்கத்துலயே இருக்குற பழத்துல முட்ட வைக்காம என்ன பண்ணும்? அந்த முட்டதான் புழுவா நெளியுது.”

ஊரிலுள்ள ஈக்களுக்கெல்லாம் நானே பத்திரிகை வைத்து அழைத்திருக்கிறேன். உடனே ஸ்டூலைப் போட்டு மாலைகளை இறக்கினேன். கை பாட்டுக்கு அவிழ்க்க, வாய் பாட்டுக்குக் கேட்டது. பிறந்தவுடன் எந்த ஆண் ஈயும் துளசியைத் தேடி வராதாம். ஹார்மோன் என்று ஏதோ உடம்புக்குள் ஊறி, அது ஆளானபிறகுதான் இந்த ஓட்டமெல்லாம். பெண் ஈயும் அப்படித்தான், வயிற்றில் முட்டை முற்றும்வரை எந்த வாசனைக்கும் மசியாது. ஒருமுறை கூடிவிட்டாலோ அவள் உடம்பே மாறிப்போகும். ஆணின் வாசனை வேண்டியிராது, பழத்தின் வாசனைதான் இழுக்குமாம்.

“இத என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. கல்யாணமான மூணாம் மாசம், எங்க வீட்டுக்காரர் பவுடர் பூசிக்கிட்டுப் பக்கத்துல வந்தாலே எனக்குக் குமட்டும். மாங்கா வாசனதான் புடிச்சுது.”

அவள் சிரித்ததில் மடித்த துணியெல்லாம் கீழே விழுந்தது. ஆனால் வைத்தியமும் சொன்னாள். விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட வேண்டும். பிஞ்சாக இருக்கும்போதே காய்க்குத் துணிப்பை கட்ட வேண்டும்.

மகனிடம் ஒரு மாதம் தவணை கேட்டேன். “சரி, அன்னிக்கு ரெண்டு பழம் பறிச்சு வை, நான் அறுத்துப் பாப்பேன். புழு இருந்துச்சுன்னா மரம் இருக்காது” என்றான்.

பழைய வேட்டியைக் கிழித்துப் பை தைத்துக் கட்டினேன். கட்டியபின் நிம்மதி வர வேண்டுமே! மணிக்கொரு தரம் அவிழ்த்து எட்டிப் பார்த்தேன்.

“பாட்டி, நீங்க அவுக்குறதே ஈக்குக் கதவத் தொறந்து விடுற மாதிரிங்க” என்று மாடியிலிருந்து அவள் கத்துவாள்.

கெடு முடிந்தது. அவள் படிப்பின் மேல் எனக்கு நம்பிக்கைதான். புழுவின் மேல்தான் இல்லை. முதல் நாளே மார்க்கெட்டுக்குப் போய், பளபளவென்று இரண்டு கொய்யா வாங்கி வந்து புடவை அடுக்குக்குள் ஒளித்துவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டில் வைத்தது அந்த இரண்டைத்தான்.

மகன் முதல் பழத்தை அறுத்தான். உள்ளேயிருந்து ஒரு புழு தலையை நீட்டியது.

“பாத்தியாம்மா?” என்று எழுந்தான். வாசலில் ரம்பத்தோடு மரம் வெட்டுகிற ஆள் வந்து நின்றிருந்தார்.

“டேய், இருடா! அது நம்ம மரத்துப் பழமே இல்லடா!”

“பின்ன?”

“மார்க்கெட்ல வாங்கினேன்.”

மருமகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். மகன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “இந்த வயசுல ஃபோர்ஜரி” என்று சொல்லிவிட்டு, தானே கொல்லைக்குப் போய் நான்கு பழங்களைப் பையோடு பறித்து வந்தான்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். கத்தி தட்டில் படும் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று. பேச்சையே காணோம்.

“என்னடா, சொல்லித் தொலையேன்!”

திரும்பினேன். வாய் நிறையப் பழம் அவனுக்கு. அறுத்த மூன்றும் தட்டில் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

“இன்னிக்கு வெட்ட வேணாம்னு அவர்ட்ட சொல்லிடும்மா. பாவம், வெயில்ல வந்திருக்கார். மிச்சம் இருக்குற ஒண்ண அவருக்குக் குடு.”

எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அந்த ஆள் கையை நீட்டினார். எனக்குத்தான் கொடுக்க மனம் வரவில்லை. அவர் முன்னாலேயே பழத்தை இரண்டாகப் பிளந்து பார்த்த பிறகுதான் கொடுத்தேன்.